ஓர் எண்ணுக்கு எத்தனை காரணிகள்? பகா எண்ணில் தொடங்கி விடையைச் சரிபார்ப்பது வரை

காரைக்குடியில் மாலை வேளைகளில் போட்டித் தேர்வுக்குப் படிக்க வருகிறவர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். "432-க்கு மொத்தம் எத்தனை காரணிகள்?" என்று கேட்டால், புதிதாக வந்தவர்கள் உடனே 1, 2, 3, 4 என்று பட்டியல் போடத் தொடங்குவார்கள். பாதி வழியில் 16 விட்டுப்போகும், அல்லது 27 விட்டுப்போகும். விட்டுப்போனது அவர்களுக்குத் தெரியவே தெரியாது.

சூத்திரம் மனப்பாடமாக இருப்பவர்கள் வேறு இடத்தில் இடறுகிறார்கள். எண்ணை முழுவதும் உடைக்காமலே சூத்திரத்தில் போட்டுவிடுகிறார்கள். முதலில் பகா எண்களாக உடைக்க வேண்டும். உடைத்தது முழுமைதானா என்று பார்க்க வேண்டும். அதன் பிறகே எண்ண வேண்டும். இந்த வரிசை மாறினால் சூத்திரம் எவ்வளவு சரியாக இருந்தாலும் விடை தவறும்.

432-ஐ வேண்டுமென்றேதான் எடுத்தேன். 20 அடிக்கு 15 அடி கூடத்தில் 10 அங்குலச் சதுர ஆத்தங்குடிக் கல் பதித்தால் ஒரு பக்கம் 24, மறுபக்கம் 18, ஆக 432 கற்கள் பிடிக்கும். (இரண்டு கற்களுக்கு நடுவே இடைவெளி விடாமல் பதிப்பதாகக் கொள்வோம்.) இதே 432 கற்களை, ஒன்றைக்கூட வெட்டாமல், வேறு எந்தெந்த அளவுள்ள செவ்வகங்களாகப் பதிக்கலாம்? காரணிகளைக் கேட்பதும் இதைக் கேட்பதும் ஒன்றுதான். கடைசி வரை பெரும்பாலும் இந்த எண்ணோடே போவோம்.

1. முன்கூட்டியே வேண்டியவை

வாய்ப்பாடு 12 வரை தயங்காமல் வர வேண்டும். 1 முதல் 30 வரையுள்ள எண்களின் வர்க்கங்கள் தெரிந்திருந்தால் எங்கே நிறுத்துவது என்ற கேள்வி எளிதாகிவிடும். கட்டம் போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்று இருக்கட்டும். கால்குலேட்டரை இப்போதைக்கு எடுத்து வைத்துவிடுங்கள்; மீதி என்ன வருகிறது என்பதைக் கண்ணால் பார்த்துப் பழகாதவருக்கு இந்தப் பாடம் பிடிபடாது.

2. 1-ஐத் தனியாக ஒதுக்குங்கள்

பகா எண் என்றால் சரியாக இரண்டு காரணிகள் மட்டுமே உள்ள எண்: 1-உம் அந்த எண்ணும். 1-க்கு ஒரே ஒரு காரணிதான். அதனால் அது பகா எண்ணும் அல்ல, பகு எண்ணும் அல்ல.

இதை வெறும் விதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1-ஐப் பகா எண்ணாகச் சேர்த்தால் 6-ஐ 2 × 3 என்றும், 1 × 2 × 3 என்றும், 1 × 1 × 2 × 3 என்றும் எப்படி வேண்டுமானாலும் எழுதலாம். ஓர் எண்ணைப் பகா எண்களாக உடைக்க ஒரே ஒரு வழிதான் உண்டு என்ற உறுதி போய்விடும். நாம் எண்ணப்போவது முழுக்க அந்த உறுதியின் மேல்தான் நிற்கிறது. 2-ஐ மட்டும் மறந்துவிடாதீர்கள். இரட்டைப்படையில் இருக்கும் ஒரே பகா எண் அது.

3. 100 வரை சலித்தெடுங்கள்

1 முதல் 100 வரை எழுதுங்கள். வரிசைக்கு பத்தாக எழுதாமல் ஆறாக எழுதுங்கள். முதல் வரிசை 1 முதல் 6, அடுத்தது 7 முதல் 12, இப்படியே போகட்டும். 1-ஐ அடித்துவிட்டு, 2-ஐ வைத்துக்கொண்டு அதன் மடங்குகளை அடியுங்கள். பிறகு 3-க்கு 9-இலிருந்தும், 5-க்கு 25-இலிருந்தும், 7-க்கு 49-இலிருந்தும் தொடங்குங்கள். அவ்வளவுதான். இதற்கு எரட்டோஸ்தனீஸ் சல்லடை என்று பெயர்.

ஏன் 7-க்கு 49-இலிருந்து? 14, 21, 28, 35, 42 எல்லாம் 2, 3, 5 ஆகியவற்றின் மடங்குகளாக ஏற்கெனவே அடிபட்டிருக்கும். ஏன் 7-உடன் நிறுத்துகிறோம்? அடுத்த பகா எண் 11; அதன் வேலை 121-இல்தான் தொடங்குகிறது, நம் அட்டவணையோ 100-இல் முடிந்துவிடுகிறது.

அடிபடாமல் நிற்பவை 25 எண்கள்: 2, 3, 5, 7, 11, 13, 17, 19, 23, 29, 31, 37, 41, 43, 47, 53, 59, 61, 67, 71, 73, 79, 83, 89, 97.

ஆறாக எழுதச் சொன்னதன் பலன் இப்போது தெரியும். 2, 3 தவிர மற்றப் பகா எண்கள் எல்லாம் முதல் பத்தியிலும் ஐந்தாம் பத்தியிலும் மட்டுமே நிற்கும். இரண்டு, நான்கு, ஆறாம் பத்திகள் இரட்டைப்படை எண்கள். மூன்றாம் பத்தி 3-இன் மடங்குகள். ஆனால் இதைத் திருப்பிப் போட்டுவிடாதீர்கள். அந்த இரண்டு பத்திகளில் நிற்பதாலேயே ஓர் எண் பகா எண் ஆகிவிடாது. 25, 35, 49, 55, 77, 91 எல்லாமே அங்கேதான் இருக்கின்றன.

இந்த அட்டவணையில் அதிகம் பேரை ஏமாற்றுவது 91. பார்ப்பதற்குப் பகா எண் போலவே இருக்கும், ஆனால் 7 × 13. அடுத்து 51 (3 × 17), 57 (3 × 19), 87 (3 × 29). இந்த நான்கையும் நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

4. வகுக்காமலே வகுபடுமா என்று பாருங்கள்

2-க்கும் 5-க்கும் கடைசி இலக்கம் போதும். 3-க்கும் 9-க்கும் இலக்கங்களைக் கூட்ட வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். ஏன் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. 100 என்பது 99-உம் 1-உம். 10 என்பது 9-உம் 1-உம். ஆகவே 432-இல் நான்கு 99-களையும் மூன்று 9-களையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது 4 + 3 + 2 = 9. எடுத்தவை எல்லாம் 9-ஆல் வகுபடுபவை. மிஞ்சியதும் வகுபட்டால் முழு எண்ணும் வகுபடும்.

11-க்கு வலமிருந்து ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்டியும் கழித்தும் வர வேண்டும். விடை 0 ஆகவோ 11-இன் மடங்காகவோ இருந்தால் வகுபடும்.

7-க்கும் 13-க்கும் தனித்தனி வித்தைகளை மனப்பாடம் செய்ய வேண்டாம். 7 × 11 × 13 = 1001 என்ற ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். எண்ணை வலமிருந்து மும்மூன்று இலக்கங்களாகப் பிரித்து, மாற்றி மாற்றிக் கூட்டிக் கழியுங்கள். வருகிற சிறிய எண் 7, 11, 13 இவற்றில் எதனால் வகுபடுகிறதோ அதனாலேயே பெரிய எண்ணும் வகுபடும். மூன்று சோதனைகள் ஒரே கழித்தலில் முடிந்துவிடும். எனக்கு மிகவும் பிடித்த வழி இது.

5. பகா எண்தானா? எதுவரை வகுத்துப் பார்ப்பது?

அதிக நேரம் வீணாவது இங்கேதான். ஓர் எண் பகா எண்ணா என்று பார்க்க அதன் பாதி வரை வகுத்துக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். வர்க்கமூலம் வரை போனால் போதும், அதுவும் பகா எண்களால் மட்டும்.

432 கற்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 1 × 432, 2 × 216, 3 × 144 என்று செவ்வகத்தின் ஒரு பக்கம் கூடக்கூட மறுபக்கம் குறைந்துகொண்டே வரும். 18 × 24-இல் இரண்டும் நெருங்கிவிடுகின்றன. அதற்கு மேல் போனால் 24 × 18, 27 × 16 என்று பழைய செவ்வகங்களே திரும்பி நிற்கும். 20-இன் வர்க்கம் 400, 21-இன் வர்க்கம் 441. ஆகவே எந்தச் செவ்வகத்திலும் சிறிய பக்கம் 20-ஐத் தாண்ட வழியில்லை.

இப்போது கல் ஒன்று கூடுதலாக வந்து 433 ஆகிவிட்டது என்று கொள்ளுங்கள். 2, 3, 5 ஆகியவற்றால் வகுபடாது. 7-ஆல் வகுத்தால் மீதி 6, 11-இல் 4, 13-இல் 4, 17-இல் 8, 19-இல் 15. அடுத்த பகா எண் 23. அதற்குத் தேவையே இல்லை. 433 பகா எண். அத்தனை கற்களையும் ஒரே வரிசையாகப் பதிப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. 432-க்கு முந்தைய 431-உம் பகா எண்தான், சோதித்துப் பாருங்கள்.

பெரிய எண் ஒன்றையும் பார்ப்போம். காரைக்குடியின் அஞ்சல் குறியீட்டு எண் 630001. இதற்கு முந்தைய 630000 என்பது 63 × 10000. அது 2, 3, 5, 7 நான்காலும் வகுபடும். அப்படியானால் 630001-ஐ அந்த நான்கில் எதனால் வகுத்தாலும் 1 மீதி வரும். வகுத்துப் பார்க்காமலே நான்கையும் விலக்கிவிட்டோம். மும்மூன்றாகப் பிரித்தால் 630 − 1 = 629; இது 11-ஆலும் 13-ஆலும் வகுபடாது. 17 முதல் 61 வரை பொறுமையாக வகுத்துப் பாருங்கள், ஒவ்வொன்றிலும் மீதி வரும். 67-இல் மீதியில்லாமல் போகிறது: 630001 = 67 × 9403.

இந்த இடத்தில்தான் கவனம் வேண்டும். தொடக்கத்தில் 793 வரை சோதிக்க வேண்டியிருந்தது, ஏனென்றால் 630001-இன் வர்க்கமூலம் 793-க்கும் 794-க்கும் இடையில் இருக்கிறது. 67 கிடைத்ததும் அந்த எல்லை சுருங்கிவிடுகிறது. இனி நம் கையில் இருப்பது 9403 மட்டும். 97-இன் வர்க்கம் 9409, ஆகவே 89 வரை பார்த்தால் போதும். மறுபடி 2-இலிருந்து தொடங்கவும் வேண்டாம். முழு எண்ணை வகுக்காத 2, 3, 5 முதலியவை அதன் பகுதியை மட்டும் எப்படி வகுக்கும்? ஆனால் 67-ஐ மட்டும் இன்னொரு முறை சோதித்தே ஆக வேண்டும், அது இரண்டு முறை அடங்கியிருக்கக்கூடும். 67-இல் மீதி 23, 71-இல் 31, 73-இல் 59, 79-இல் 2, 83-இல் 24, 89-இல் 58. ஆக 9403-உம் பகா எண்ணே.

எல்லையைச் சுருக்காமல் 793 வரை போகிறவர்களும், கிடைத்த பகா எண்ணையே மறுபடி சோதிக்க மறக்கிறவர்களும் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள். முதலாமவருக்கு நேரம் போகும். இரண்டாமவருக்கு விடையே போய்விடும்.

6. முழுவதும் உடையுங்கள்

சிறிய பகா எண்ணில் தொடங்கி, அது வகுக்கும் வரை வகுத்துவிட்டு, அடுத்ததற்குப் போங்கள். 432, 216, 108, 54, 27 வரை நான்கு முறை 2. பிறகு 9, 3, 1 வரை மூன்று முறை 3. ஆகவே 432 = 2⁴ × 3³.

சிறியதிலிருந்து ஏன்? எண் வேகமாகச் சிறுக்கும் என்பது ஒன்று. இந்த வரிசையில் போனால் ஒரு பகு எண் நமக்குத் தெரியாமல் உள்ளே நுழைய முடியாது என்பது மற்றொன்று. 2-ஐ முழுவதும் தீர்த்துவிட்ட பிறகு 4-ஆலோ 6-ஆலோ வகுக்க இடமே இல்லை.

பிள்ளையார்பட்டியின் குறியீட்டு எண் 630207 நல்ல பயிற்சி. இலக்கங்களின் கூடுதல் 18. 9-ஆல் வகுத்தால் 70023. அதன் கூடுதல் 12. 3-ஆல் வகுத்தால் 23341. இதன் கூடுதல் 13, ஆக 3 தீர்ந்தது. 7, 11, 13 வகுக்காது. 17 வகுக்கும், ஈவு 1373. 37-இன் வர்க்கம் 1369 என்பதால் 37 வரை பார்க்க வேண்டும். 17, 19, 23, 29, 31, 37 எதுவும் வகுக்காது. 630207 = 3³ × 17 × 1373.

37-ஐச் சோதிக்காமல் 31-உடன் நிறுத்துகிறவர்களுக்கு இங்கே தற்செயலாகச் சரியான விடை வந்துவிடும். 1369 வந்திருந்தால் அகப்பட்டுக்கொள்வார்கள்.

7. அடுக்கோடு 1 கூட்டுங்கள், பிறகு பெருக்குங்கள்

432 = 2⁴ × 3³. இதன் காரணி எதுவாக இருந்தாலும் அதில் 2-உம் 3-உம் மட்டுமே இருக்க முடியும். 2-ஐ எத்தனை முறை எடுக்கலாம்? எடுக்காமலே விடலாம்; ஒரு முறை, இரண்டு முறை, மூன்று முறை, நான்கு முறை எடுக்கலாம். மொத்தம் ஐந்து வழிகள். 3-க்கு எடுக்காமல் விடுவதையும் சேர்த்து நான்கு வழிகள். 2-இன் ஒவ்வொரு தேர்வோடும் 3-இன் ஒவ்வொரு தேர்வும் சேரும் என்பதால் 5 × 4 = 20 காரணிகள்.

கூட்டுகிற அந்த 1 "எடுக்காமல் விடுவது" என்ற வழிக்காக. இது புரிந்தவர்கள் 1 கூட்ட மறப்பதே இல்லை.

இந்தப் படியில் நான் அடிக்கடி பார்க்கும் தவறுகள் இவை. அடுக்கு எழுதாத பகா எண்ணுக்கு அடுக்கு 0 என்று நினைத்து 1 போடுவது: 630207-இல் 17-இன் அடுக்கு 1, ஆகவே அதற்கு 2 வழிகள்; விடை 4 × 2 × 2 = 16. பெருக்குவதற்குப் பதில் 5 + 4 என்று கூட்டுவதும் உண்டு. எல்லாவற்றையும்விடக் கெட்டது 432-ஐ 4² × 3³ என்று எழுதி, 3 × 4 = 12 என்று விடை சொல்வது. 4 பகா எண் அல்ல. அதற்குள் ஒரே ஒரு 2-ஐ மட்டும் எடுக்கும் வழி இந்தக் கணக்கில் விட்டுப்போகிறது. 2, 6, 8, 18 போன்ற காரணிகள் அப்படித்தான் காணாமல் போகின்றன.

இன்னொரு குறுக்கு வழியும் ஆபத்தானது. 432 = 12 × 36; 12-க்கு 6 காரணிகள், 36-க்கு 9 காரணிகள், ஆகவே 54 என்று பெருக்கிவிடுகிறார்கள். 12-க்கும் 36-க்கும் பொதுக் காரணிகள் இருப்பதால் ஒரே காரணி பலமுறை எண்ணப்படுகிறது. 16 × 27 என்று பிரித்தால் 5 × 4 = 20 என்று சரியாக வரும், ஏனென்றால் அவை சார்பகா எண்கள். காரணிகளின் எண்ணிக்கையைப் பெருக்க வேண்டுமானால் இரண்டு எண்களுக்கும் 1-ஐத் தவிரப் பொதுக் காரணி இருக்கக் கூடாது.

8. காரணிகளை எழுதச் சொன்னால்

முதல் வரிசையில் 2-இன் அடுக்குகளை மட்டும் எழுதுங்கள். அடுத்தடுத்த வரிசைகளுக்கு மேல் வரிசையை 3-ஆல் பெருக்குங்கள்.

1, 2, 4, 8, 16
3, 6, 12, 24, 48
9, 18, 36, 72, 144
27, 54, 108, 216, 432

எதுவும் விடுபட வழியில்லை, எதுவும் இருமுறை வரவும் வழியில்லை. மூன்றாவதாக ஒரு பகா எண் இருந்தால், இந்தக் கட்டம் முழுவதையும் அதனால் பெருக்கிப் பக்கத்தில் இன்னொரு கட்டம் எழுதுங்கள்.

9. விடையைச் சரிபாருங்கள்

காரணிகள் சோடி சோடியாக வரும். அதனால் அவற்றின் எண்ணிக்கை பொதுவாக இரட்டைப்படை. முழு வர்க்க எண்ணுக்கு மட்டும் ஒற்றைப்படை: 36-க்கு 6 தனக்குத் தானே சோடி. 432 முழு வர்க்கம் அல்ல, விடை 20 இரட்டைப்படை, பொருந்துகிறது. உங்கள் விடை 15 என்று வந்தால் திரும்பிப் போய்ப் பாருங்கள்.

எத்தனை செவ்வகங்கள் என்று கேட்டால் 20-ஐப் பாதியாக்குங்கள்: 10. ஆனால் 36 கற்களுக்கு 9-ஐப் பாதியாக்க முடியாது. சதுரத்தைத் தனியே வைத்து, மீதி 8-ஐப் பாதியாக்கி, 4 + 1 = 5 என்று சொல்ல வேண்டும்.

10. கேள்வியைச் சற்றுத் திருப்பினால்

புதிய சூத்திரங்கள் தேவையில்லை. எந்தப் பகா எண்ணுக்கு எத்தனை வழிகள் என்பதை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். 432-க்கு:

ஒற்றைப்படைக் காரணிகள் வேண்டுமானால் 2-ஐத் தொடவே கூடாது, 1 × 4 = 4. இரட்டைப்படை என்றால் ஒரு 2 ஆவது கட்டாயம் இருக்க வேண்டும், 4 × 4 = 16. 6-ஆல் வகுபடும் காரணிகளுக்கு 2-உம் 3-உம் கட்டாயம், 4 × 3 = 12. முழு வர்க்கக் காரணிகளுக்கு அடுக்குகள் இரட்டைப்படையாக இருக்க வேண்டும்; 2-க்கு 0, 2, 4, 3-க்கு 0, 2, ஆக 3 × 2 = 6. மேலே உள்ள கட்டத்தில் 1, 4, 16, 9, 36, 144 என்று எண்ணிப் பாருங்கள்.

காரணிகளின் கூடுதலும் இதே கட்டத்திலிருந்தே வரும். முதல் வரிசையின் கூடுதல் 31. மற்ற வரிசைகள் அதன் 3, 9, 27 மடங்கு. ஆகவே 31 × (1 + 3 + 9 + 27) = 31 × 40 = 1240. "அந்த எண்ணைத் தவிர்த்து" என்று கேள்வியில் இருந்தால் 432-ஐக் கழிக்க மறக்காதீர்கள், 808 வரும்.

11. தலைகீழ்க் கேள்வி: சரியாக 16 காரணிகள் உள்ள மிகச் சிறிய எண் எது?

16-ஐ எந்தெந்த வழிகளில் பெருக்கலாக எழுதலாம் என்று முதலில் பாருங்கள். ஒவ்வொரு பெருக்கியிலும் 1-ஐக் கழித்தால் அடுக்கு கிடைக்கும். பெரிய அடுக்கைச் சிறிய பகா எண்ணுக்குக் கொடுங்கள், அப்போதுதான் எண் சிறியதாக வரும்.

16 மட்டும்: 2¹⁵ = 32768. 8 × 2: 2⁷ × 3 = 384. 4 × 4: 2³ × 3³ = 216. 4 × 2 × 2: 2³ × 3 × 5 = 120. 2 × 2 × 2 × 2: 2 × 3 × 5 × 7 = 210.

விடை 120. 210 என்று எழுதுகிறவர்களே அதிகம். வேறுவேறு பகா எண்களை ஒவ்வொன்றாகப் பெருக்கினால் சிறியது கிடைத்துவிடும் என்று நம்பிவிடுகிறார்கள். ஆனால் 210-இலிருந்து 7-ஐ எடுத்துவிட்டு இரண்டு 2-களைக் கூடுதலாகச் சேர்த்தால் வழிகள் அதே 16-தான், எண் மட்டும் 7-க்குப் பதில் 4-ஆல் பெருக்கப்படுகிறது. ஆகவே எல்லா வழிகளையும் எழுதி ஒப்பிட்ட பிறகே விடையைக் குறியுங்கள்.

இதே கேள்வியை 7 காரணிகளுக்குக் கேட்டால் ஒரே வழிதான். 7 பகா எண் என்பதால் அதைப் பெருக்கலாகப் பிரிக்க முடியாது; அடுக்கு 6, எண் 2⁶ = 64. 12 காரணிகளுக்கு நான்கு வழிகள் உண்டு: 2048, 96, 72, 60. இவற்றில் ஒவ்வொன்றும் எந்தப் பெருக்கலிலிருந்து வந்தது என்று நோட்டில் எழுதிப் பாருங்கள். எழுத முடிந்தால் அடுத்து 18 காரணிகளுக்கு நீங்களே தேடலாம். அதன் விடை 180.